நாற்காலிக் கால்கள்

புளியரையில் உட்கார்ந்து
கிரேக்க மழைக்குத் தமிழ் எழுதுகிறேன்.
வரிக்கு முப்பத்தெட்டு எழுத்து,
நிமிஷத்துக்கு நாற்பது ரூபாய்,
கரண்ட் இருந்தால்.

ஏழாம் பாகம், பதினோராம் நிமிஷம்:
குடையில்லாத ஒருத்தன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து
நாற்காலிக் கால்களாகப் பெய்கிறது என்கிறான்.
அவன் அம்மா துண்டை வீசுகிறாள்.
அவ்வளவுதான் காட்சி.

கூட வந்த இங்கிலீஷ் பிரதியில்
அதைப் பூனையும் நாயுமாக்கி வைத்திருந்தார்கள்.
நாலு கால் மரம் கடல் தாண்டி
நாலு கால் மிருகமாகிவிட்டது.
சென்னையிலிருந்து தீப்தி:
"கனமழைன்னு போட்டுட்டுப் போங்க மேடம்."

கனமழை.
கலெக்டர் பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுகிற சொல்.
நனைந்துகொண்டு உள்ளே ஓடி வந்த எவரும்
அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

மடிக்கணினியை மூடிவிட்டு
சோதனைச் சாவடிப் பக்கம் டீ குடிக்கப் போனேன்.
லாரிகள் எஸ் வளைவு வரை நின்றன.
வானம் பொத்துக்கிட்டு ஊத்துது என்றான் உச்சிமாகாளி,
சிமெண்ட் லோடுக்குத் தார்ப்பாய் இழுத்தபடி.
ஆரியங்காவிலிருந்து இறங்கி வந்து
இங்கே கடை போட்ட பென்னிக்கு
அதே மழை துள்ளிக்கொரு குடம்.
சொட்டுக்கு ஒரு குடம். கணக்கு சரிதான்,
குடத்தை ஏந்துகிற ஆள்தான் இல்லை.
குண்டூர் மிளகாய் ஏற்றி வந்த வெங்கடசுப்பய்யா
குண்டபோத என்றார். அதுவும் பானைதான்.

டென்மார்க்கில் மழை வலுத்தால்
செருப்புத் தைக்கும் பையன்கள் விழுவார்கள் என்றேன்.
"எங்க விழுந்தானுவ?" வெளியே எட்டிப் பார்த்தான் உச்சிமாகாளி.
"வார் அந்து ஒரு வாரமாச்சுக்கா."

அந்நேரம் பார்த்து வெயிலும் வந்து சேர்ந்தது.
நரிக்கு எல்லா ஊரிலும் கல்யாணம்.
எங்களுக்குக் காக்கா சம்பந்தம்,
வெங்கடசுப்பய்யாவுக்கு நாய்.
பென்னிக்குக் குறுக்கன் மட்டும்,
ஜோடி யாரென்று மலையாளம் சொல்வதில்லை.
போலந்தில் இந்தப் பத்து நிமிஷத்தில்
ஒரு சூனியக்காரி வெண்ணெய் எடுக்கிறாளாம்.
பிரான்சில்
சாத்தான் பெண்டாட்டியைப் போட்டு அடிக்கிறானாம்.

யாரும் சிரிக்கவில்லை.
ஷைனி கிளாஸ் கழுவுவதை நிறுத்தாமல் கேட்டாள்:
"அவிடயும் உண்டோ?"
பென்னி பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்,
அது பொங்கவில்லை.

ராத்திரி பதினொன்றரைக்கு உச்சிமாகாளியின் போன்.
மலை இறங்கியிருக்கிறது,
லாரிக்கு முன்னால் ஒரு வளைவு இல்லை,
பின்னால் என்னவென்று தெரியவில்லை.
"அக்கா, மழைக்கா."
எப்படிப் பெய்யுது என்று கேட்டேன், முட்டாள் மாதிரி.
"மழைக்கா" என்றான் திரும்பவும்.
வானம் இல்லை, பொத்தல் இல்லை.
குடம் பானை எதுவும் அந்தக் குரலில் இல்லை.
கொஞ்ச நேரம் தகரத்தின் சத்தம் மட்டும் கேட்டது.
பிறகு அதுவும் போயிற்று.

நான் தீயணைப்புக்குப் போன் பண்ணினேன்.
மூன்று தடவை, மூன்று பாஷையில்,
மூன்றிலும் மழை என்று மட்டும்தான் சொல்ல வந்தது.

காலை பத்து மணிக்கு வந்து சேர்ந்தான்.
தொடை வரை செம்மண், ஒற்றைச் செருப்பு.
ஷைனி ஒரு துண்டை எடுத்து அவன் தலையில் எறிந்தாள்.
முகம் துடைத்து, பாதி டீ குடித்து,
பீடிக்கு நெருப்புக் கேட்ட பிறகுதான் சொன்னான்:
"பொளந்து கட்டிட்டுல்லா!"

அங்கிருந்தே வீட்டுக்கு ஓடினேன்.
கிரேக்கத்துக்காரனும் வீடு வந்து சேர்ந்தவன்தானே.
கையில் துண்டு இருக்கிறது.
அவன் எதை வேண்டுமானாலும் விழவைக்கலாம்.

அம்மா, வெளியே நாற்காலிக் காலா விழுது.

பதினாறு எழுத்து. இடம் நிறைய மிச்சம்.
தீப்தி உடனே கேட்டாள்: புரியுமா மேடம்?
பதில் அடிப்பதற்குள்
கரண்ட் போனது.