முகப்பு விளக்கில் ஒரு ஏரி

காய்ந்ததைத் தேய்க்கக் கூடாது.
வெந்நீரில் நனைத்த துண்டை
விளக்கின் மேல் போர்த்திவிட்டுப்
பத்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும்,
காய்ச்சல்காரன் நெற்றிக்குப் போட்ட மாதிரி.
அவசரப்பட்டால் கீறல் விழும்.
பூச்சி போன பிறகும் கோடு நிற்கும்.

ஐனார் குளிக்கிறான்.
குழாய் நிற்கிறது, மறுபடி திறக்கிறது.
இவ்வளவு நேரம் குளிக்கிறவன் இல்லை.

நேற்றுக் காலை மூசோமினுக்கு என்று கிளம்பினான்.
மேற்கே, ஒன்றரை மணி நேரம்.
யாரோ பழைய கார்புரேட்டர் விற்கிறானாம்.
கார்புரேட்டர் வரவில்லை.
"துரு பிடித்திருந்தது, லெஸ்யா" என்றான்
பூட்ஸ் முடிச்சைப் பார்த்தபடி.

பிராண்டனில் இது எனக்குப் பதினேழாவது கோடை.
அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியும்,
எனக்கு அதைப் படிக்கத் தெரியும்.
மஞ்சள் தெறிப்பென்றால் கனோலா வயலோரத் தேனீ.
பச்சைக் குழம்பு, வெட்டுக்கிளி;
அதன் ஒற்றைக் கால் மட்டும்
ஹாரன் இடுக்கில் மாட்டிக்கொண்டு
இன்னும் தாவப் பார்க்கும்.
சாம்பல் பொடி கண்டால் விட்டில்:
இருட்டிய பின்னும் ஓட்டியிருக்கிறான்.
சிவப்புப் புள்ளி கொசு.
ரத்தம் யாருடையதோ.

துண்டை எடுத்தேன்.

இவை எதுவும் இல்லை.
ஊசி உடம்பு,
வாலில் இரண்டு நீள இழை,
நரம்போடிய தாள் சிறகு.
ஈசலுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம்.
அதற்கு வாய் கிடையாது.
ஒரு நாள் உயிருக்குச் சாப்பாடு எதற்கு என்று
விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

மேற்கே இது இல்லை.
வின்னிபெக் ஏரிக்கரையில், கிம்லியில்,
ஜூலை பிறந்ததும் தண்ணீரிலிருந்து எழுந்து
தெருவிளக்குகளை மூடும்.
காலையில் கடைக்காரர்கள்
பனி தள்ளும் மண்வாரியால் வாசலைச் சுத்தம் செய்வார்கள்.
ஊரே மீன் நாற்றம் அடிக்கும்.
கிழக்கே போய் வடக்கே திரும்ப வேண்டும்,
மூன்றரை மணி நேரம்.

முதலில் புத்தி எங்கே போனது என்று சொல்லிவிடுகிறேன்.
ஒரு பெண். ஒரு மோட்டல். சிவப்பு நகப்பூச்சு.
நகப்பூச்சின் நிறம்வரை தெரிந்தது எனக்கு.
தெரியாத ஒருத்தியை
ஐந்து நிமிடம் முழுசாக வெறுத்தேன்,
கையில் சொட்டும் துண்டோடு.

அப்புறம்தான் பால்டுர் நினைவு வந்தது.

அப்பாவின் மீன்படகை விற்ற அன்று
பணம் எண்ணிய மேசையிலேயே
அண்ணன் தம்பி பேச்சு நின்றது.
பதினொரு வருடம்.
கிறிஸ்துமஸுக்கு அவன் மனைவி அனுப்பும் அட்டையை
நான்தான் பிரிப்பேன்,
மாவு டப்பாவுக்குப் பின்னால் நான்தான் வைப்பேன்.

ரேடியேட்டர் தகடுகளுக்குப் பழைய பல் பிரஷ்.
அழுத்தினால் மடங்கிவிடும்.
மெல்ல ஓட்டிக்கொண்டே பார்த்தேன்,
காற்று எட்டாத இடங்களிலும் இருந்தன:
வேகமானியின் குழியில்,
பை வாரின் அடியில்,
இருக்கை மடிப்பில்.
மோதிச் சிதறாமல்,
சிறகை நிமிர்த்தி, முழுசாக, உட்கார்ந்தபடி செத்தவை.

ஓடுகிற வண்டியில் அப்படிச் சாக முடியாது.
வண்டி நின்றிருக்கிறது.
தெருவிளக்கின் கீழே, ராத்திரி, வெகுநேரம்.
எதிரே ஒரு வீடு இருந்திருக்கும்.
கதவைத் தட்டினானா,
ஹெல்மெட்டைக் கழற்றாமல்
சன்னல் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினானா,
பூச்சி அதைச் சொல்லாது.
வாய் இல்லாதது.

ஈரத் தலையோடு வந்து நின்றான்.
"விடு, நான் கழுவுகிறேன்."
பதினேழு கோடையில் முதல் தடவை.
விளக்கைப் பார்த்தான்.
நான் பார்த்ததையும் பார்த்தான்.
பிரஷை வாங்கிக்கொண்டு குந்தினான்,
தப்பான பக்கம் தேய்த்தான்.
நான் திருத்தவில்லை.

பக்கத்து வீட்டில் யாரோ
புல்வெட்டும் இயந்திரத்தைக் கிளப்பப் பார்த்தார்கள்.
மூன்று தடவை இருமி அடங்கியது.

"அவனுக்கு முடியெல்லாம் கொட்டிப்போச்சு" என்றான்,
தகடுகளிடம்.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
வாளித் தண்ணீர் ஆறிவிட்டது.
வேறு வெந்நீர் கொண்டுவந்து
துண்டை மறுபடி நனைத்துப் போர்த்தினேன்.
இன்னும் பத்து நிமிடம் ஆகும்.