ஈரத்துக்குக் கழிவு

மஸ்கெலியாவில் இறங்கி
ஆட்டோ திரும்பிப்போன இடத்திலிருந்து நடந்தேன்.
குடைக்குள்ளும் மழை.
படிவத்தைப் பொலித்தீனில் சுற்றிச்
சட்டைக்குள் வைத்திருந்தேன்.

லயத்துக் கதவில் பூட்டில்லை, ஒரு துண்டுக் கம்பி.
முதல் கேள்வி நான் கேட்க வேண்டியது.
மருதாயி கேட்டாள்:
"நீங்க பொலிசா?"
இல்லை.
"அப்ப அந்தப் பக்கமா?"
இல்லை.
"அப்ப யாரு?"
எழுதிக்கொள்கிறவள் என்றேன்.
அடுப்புக்குள் விறகைத் தள்ளிவிட்டு
அவள் சிரித்த மாதிரி இருந்தது.

மகன் பெயர் லோகிதன்.
எழுபத்தேழில் அடிபட்டு ஓடிய சித்தப்பன்
கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியிருந்தார்.
அவர் கடையில் நிற்கப் போனான்,
ஏழாம் வகுப்புப் புத்தகங்களைத்
தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டு.
போன மார்கழியில் ஒரு நாள்
பாண் வாங்கப் போனவன் வரவில்லை.
சைக்கிள் சந்தியில் நின்றது,
ஹாண்டிலில் பாண் தொங்கியபடி.
பிறகு யாரோ பார்த்தாராம்.
தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்ததாம்.
தோளில் தொங்கியது அவனைவிட நீளமாம்.

படிவம் கேட்டது: வயது?
"பதினாலு. பொறு, பதினஞ்சோ.
மேமலையில மண் சரிஞ்ச வருசம்."
படிவம் கேட்டது: ஆதாரம்?
பதியப் போனால் ஒரு நாள் பேர் போகும்
என்று இருந்துவிட்டார்கள்.
டிஸ்பென்சரி அட்டையைக் கறையான் தின்றது.

மறுநாள் தோட்டத்து ஆபீசில்
கிளாக்கர் கதவைச் சாத்திவிட்டுப்
பழைய செக்ரோலை இறக்கினார்.
தொண்ணூற்றிரண்டு, ஓகஸ்ட்.
மருதாயி, இலக்கம் நூற்றுப் பதினேழு.
பத்தாம் திகதி பதினெட்டுக் கிலோ.
அடுத்த நாள் பதினாறு.
பன்னிரண்டில் பதினொன்று.
பதின்மூன்றில் ஒரு கோடு.
பதினாலில் கோடு.
ஓரத்தில் சிவப்பு மையில் "பிள்ளை".

அவன் பிறந்ததற்கு
அவள் அன்று பறிக்காத கொழுந்துதான் சாட்சி.

பெயர் எழுதலாமா என்று கேட்டேன்.
எழுதினால் அங்கே அவனுக்கு என்ன ஆகலாம்,
இங்கே விசாரணைக்கு வந்தால்
அவளுக்கு என்ன ஆகலாம்,
இரண்டையும் சொல்ல வேண்டும். சொன்னேன்.
நெடுநேரம் தங்கச்சியின் சடையைப் பிரித்துப் பிரித்துப் பின்னினாள்.
"பேரு போடாம எழுதுனா
யாருன்னு தேடுவாங்க?"

அதற்குப் படிவத்தில் கட்டமில்லை.
சம்பவ இடத்துக்கு உண்டு: வன்னி.
இந்த மலைக்கு இல்லை.

போகும் வழியில் பின்னேர நிறுவை.
"இருபத்திரண்டு" என்று கத்தினார் கணக்கப்பிள்ளை.
ஈரத்துக்கு இரண்டு, சாக்குக்கு ஒன்று.
பத்தொன்பது என்று எழுதினார்.
வரிசையில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

கொழும்பில் எங்கள் அறையிலும் ஒரு நிறுவை உண்டு.
கண்ட சாட்சி ஒருவரே என்றால் கழிவு.
கேள்விப்பட்டது என்றால் கழிவு.
பார்த்தாராம், வெட்டியிருந்ததாம், நீளமாம்.
அந்த மூன்று "ஆம்"களுக்காக
காலாண்டு அறிக்கையின் எண்ணிக்கையிலிருந்து
அவன் போனான்.
கழித்தவள் நான்தான்.
விதி சரியானது.
ஒரு பொய் நுழைந்தால்
மற்ற நூறும் பொய்யென்பார்கள்.
இதை மருதாயியிடம் சொல்ல
எந்தப் பேச்சில் வார்த்தை இருக்கிறது?

இரண்டாயிரத்துப் பத்து ஓகஸ்டில்
அவனுக்குப் பதினெட்டு ஆனது,
எங்காவது ஆகியிருந்தால்.
அதற்குப் பிறகு அவன்
எங்கள் படிவத்துக்கு உரியவன் அல்ல.

லோகிதன் அவன் பெயரல்ல.
மருதாயி மருதாயி அல்ல.
இலக்கத்தையும் மாற்றிவிட்டேன்.
பதினெட்டு, பதினாறு, பதினொன்று,
பிறகு கோடு.
அவற்றை மட்டும் தொடவில்லை.