கூட்டக் குறிப்பு

புவெர்த்தோ மோன்ட்டில் இன்றும் மழை.
மூன்றாம் மாடிக் கண்ணாடிக்கு வெளியே
துறைமுகம் கரைந்துகொண்டிருக்க
மேசையைச் சுற்றி எட்டுப் பேர்.
குறிப்பெடுப்பவளை யாரும் எண்ணுவதில்லை.

முதல் பொருள்: சால்மன் விலை. நாற்பது நிமிடம்.
இரண்டாவது: ஜப்பானுக்குப் போன கொள்கலன்
குளிர்பதனம் கெட்டுத் திரும்பிய கதை.
அதற்கும் நாற்பது.
மூன்றாவதற்குப் பெயரில்லை.
‘ஏனையவை’ என்று அச்சிட்டிருந்தது.
பொது மேலாளர் கைபேசியைக் காதில் வைத்தபடி
வெளியே போனார். அது ஒலிக்கவே இல்லை.

ஏனையவை என்றால் நோல்ஃபா பார்ரீயா.
முள் பிடுங்கும் வரிசையில் ஆறு வருடம்,
தரக்கட்டுப்பாட்டில் இரண்டு.
வெப்பநிலை அறிக்கையோடு அவர் அறைக்குப் போனவள்
லிஃப்ட்டுக்குக் காத்திராமல்
படி படியாக ஓடிவந்தாள்,
ஒரு கையில் மட்டும் கையுறையோடு.

“தப்பாகப் புரிந்துகொண்டிருப்பாள்.”
“அவர் எல்லோரையும் தொட்டுப் பேசுகிறவர்தானே.”

(என்னையும். ஆண்டு விழா இரவு,
மழைக்கோட்டுகள் தொங்கிய இருட்டறை.
இது குறிப்பில் வேண்டாம்.)

மனிதவளத் தலைவி செலியா
காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்,
சர்க்கரை போடாத காபியை.
நான்கு நிமிடம்.

மாலையில் தட்டச்சு செய்தேன்.
புகார் பெறப்பட்டது.
பரிசீலிக்கப்பட்டது.
ஊழியருக்கு இடமாற்றம் பரிந்துரைக்கப்பட்டது.
பட்டது, பட்டது, பட்டது.
பதினேழு வருடமாக நான் எழுதும் இந்த நடையில்
செய்தவன் வாக்கியத்துக்குள் வரவே வேண்டாம்.
பட்டவள் இருந்தால் போதும்,
இலக்கணம் நிறைந்துவிடும்.

அழித்தேன்.
மறுபடி எழுதினேன்:

மே பதினொன்று, மாலை நாலரை.
ரெனே ஹெல்விக் கதவைத் தாழிட்டார்.
நோல்ஃபா கையை உதறினாள்.
அவர் விடவில்லை.
ஏழு பேர் இதைக் கேட்டார்கள்.
நான்கு நிமிடத்தில் மறந்தார்கள்.

மறுநாள் காலை கையெழுத்துக்குச் சுற்றுக்கு விட்டேன்.
படிக்கமாட்டார்கள். ஒருபோதும் படித்ததில்லை;
சால்மன் விலை சரியா என்று
முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு
கடைசிப் பக்கத்துக்குத் தாவுவார்கள்.

ஆறு பேர் அப்படியே.
செலியா மட்டும் படித்தாள்.
பேனாவை மூடினாள். திறந்தாள்.
என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்திட்டாள்,
வழக்கத்தைவிடப் பெரிதாக.

எட்டாவது அவர்.
இதோ, மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன்.
பேனாவைக் கையில் எடுத்தவர்
சட்டைப் பையில்
மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறார்.