புள்ளிக்கோடு

முதல் வாரத்தில் கற்றது ஒரே வரி:
உள்ளே வந்ததில் வெளியே போனதைக் கழி,
மிச்சம் உள்ளே தங்கியிருக்கும்.
பாக்கி நான்கு வருடமும் அதற்கு உரைதான்.
ஆனால் கணக்குக்கு முன்னால்
ஒரு புள்ளிக்கோடு போட்டாக வேண்டும்,
எது உள்ளே, எது வெளியே என்று.
கோட்டுக்கு மதிப்பெண் கிடையாது.

அடாமாவில் எங்கள் ஆய்வகத்துக்கு
பள்ளத்தாக்கின் கிணற்று நீர்
குப்பிகளில் வந்தது.
பளிங்கு மாதிரித் தெளிவு.
லிட்டருக்கு ஒன்பது மில்லிகிராம் ஃப்ளோரைடு.
குதெமா பீப்பாயைச் சுற்றிக் கோடு போட்டான்:
மேலே ஒன்பது, கீழே ஒன்றரை,
நடுவில் மாட்டெலும்புக் கரி
மீதியைப் பிடித்துக்கொள்ளும்.

மூன்று மாதம் எலும்பு சுட்டோம்.
கசாப்புக் கடைக்காரர் கேட்டார்,
"நாய்களோடு போட்டியா?"
சூடு மீறினால் வெளுத்துவிடும், எதையும் பிடிக்காது.
குறைந்தால் தண்ணீரில் சூப்பு வாசனை.
இரண்டுக்கும் இடையே ஒரு கறுப்பு இருக்கிறது.
அது கைக்கு வந்த அன்று
லெலிஸே வாயைப் பொத்தாமல் சிரித்தாள்.

அன்றுதான் பார்த்தேன்,
பல்லெல்லாம் பழுப்புத் திட்டு.
நான்கு வருடம் பக்கத்து இருக்கை நான்.
குப்பியின் மேல் எழுதியிருந்த ஊர்
அவள் ஊர்.
கரும்பலகையில் சமன்பாட்டின் கடைசி உறுப்பை
விரலால் தட்டினாள்:
"உள்ளே தங்கியது."

மார்ச்சில் பீப்பாயை லாரியில் ஏற்றிப் போனோம்.
பெருநோன்புக் காலம்.
ஷிதாயே என்பவள்
கழுதை மேல் நான்கு மஞ்சள் கேன்களோடு நின்று
எங்கள் எண்களை முழுக்கக் கேட்டாள்.
பிறகு கேட்டாள்:
"ஐம்பத்தைந்து நாள் பால்கூடத் தொடமாட்டோம்.
மாட்டின் எலும்புக்குள் புகுந்து வரும் தண்ணீர்
நோன்பை முறிக்குமா?"

எந்த அட்டவணையில் தேடுவது?
மெஸ்கெரெம் கோயிலுக்கு ஓடினாள்.
பாதிரியார் ஒன்றே ஒன்று கேட்டார்:
"எலும்பு தண்ணீரில் கரைகிறதா?"
நான்கு வருடத்தில் எந்தத் தேர்விலும்
இவ்வளவு நல்ல கேள்வி வந்ததில்லை.
எங்களுக்குப் பதில் தெரியாது.

திரும்பி வந்து ஆறு வாரம் அளந்தோம்.
கரைகிறது. மிகக் கொஞ்சம்.
அந்தக் கொஞ்சத்தை மறைக்காமல்
எழுதிக் கொடுத்தோம்.
அவர் தாளை மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டார்.
"யோசிக்கிறேன்" என்றார்.
இன்னும் யோசிக்கிறார்.

ஷிதாயே காத்திருக்கவில்லை.
"ஜூலை மழையை நோன்புக்கு எடுத்துவைத்தால்?"
ஐம்பத்தைந்து நாள், ஆளுக்கு ஐந்து லிட்டர்,
வீட்டுக்கு ஏழு பேர்.
அங்கேயே மண்ணில் குச்சியால் பெருக்கினோம்.
தொட்டியின் அளவு வந்தது.
நிமிர்வதற்குள் அடுத்தது கேட்டாள்:
"தீர்ந்துபோன கரியை எங்கே கொட்டுவீர்கள்?
என் வெங்காய வயலிலா?"

குதெமா வெளிநாட்டுப் படிப்புக்கு
விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தான்.
*எந்த உலகச் சவாலைத் தீர்க்க விரும்புகிறீர்கள்?
இருநூறு சொற்களுக்குள்.*
கரியைப் பற்றி எழுதினான், அடித்தான்,
கிணற்றைப் பற்றி எழுதினான், அடித்தான்.
"கழுதையைப் போடு" என்றாள் லெலிஸே.

அறிக்கைக்குப் படம் வரைந்தது அவள்தான்.
பீப்பாயைச் சுற்றியிருந்த கோட்டை அழித்து
கிணற்றுக்கும் கோயிலுக்கும் வெளியே போட்டாள்.
வெங்காய வயலுக்கும் வெளியே போட்டாள்.
கசாப்புக் கடைக்காரரின் நாய்கள் உள்ளே வந்தன.
ஓரத்தில் ஒரு சின்ன வாய் வரைந்தாள்,
பல்லோடு.
தாள் போதவில்லை,
இன்னொன்றை டேப் போட்டு ஒட்டினோம்.

சிவப்பு மையில் வந்தது தீர்ப்பு:
"எல்லை அளவுக்கு மீறியது. கணக்கு சரி."

அந்தப் படம் என் அறைச் சுவரில் இருக்கிறது.
டேப் மஞ்சளாகிவிட்டது.
ஒட்டிய இடத்தில் கொஞ்சம் பிசகு,
கழுதை கோட்டின் மேலேயே நிற்கிறது,
முன்னங்கால் உள்ளே,
பின்னங்கால் வெளியே,
முதுகில் நான்கு கேன்.