பல்பு

மைனஸ் இருபத்தாறு. மொன்டானா, ஹாவர் ஊரின் மேற்கோரம்.
வெண்டல் ஹாக்லண்டின் பிக்கப் முக்கிக்கொண்டே
என் பட்டறைக்குள் நுழைந்தது, பம்பரில் பனித்தாடியோடு.

குதிரைக்கு லாடம் அடிப்பவர்.
இரண்டு கடைகளில் இரண்டு ஆக்சுவேட்டர் மாற்றியாகிவிட்டது.
பணம் போனது, மஞ்சள் விளக்கு போகவில்லை.
"எப்படி இருக்கீங்க?"
"நல்லா இருக்கேன்."

ஸ்கேனரில் அதே பழைய குறி:
கேம்ஷாப்ட் ஆக்சுவேட்டர் சர்க்யூட் கோளாறு.
சர்க்யூட் என்கிறது, கவனியுங்கள்.
பாதி வாக்கியம் படித்ததுமே
ஸ்பானரைத் தூக்கிவிடுகிறார்கள்.

கனெக்டரைக் கழற்றினேன். பச்சை பூக்கவில்லை, எண்ணெய் ஊறவில்லை.
சுருளுக்கு எட்டு ஓம், குறை சொல்ல ஒன்றுமில்லை.
சாவியைத் திருப்பினால் ஒரு முனையில் பன்னிரண்டு வோல்ட்.
மறுமுனைக் கம்பி கம்ப்யூட்டர் வரை
அறுபடாமல் ஓடுவதாக மீட்டர் சத்தியம் செய்தது.
விரல் மரத்ததுதான் மிச்சம்.

மீட்டர் பொய் சொல்லாது. ஆனால்
அது கேட்கிற விதம் அப்படி,
எறும்பை நடக்கவிட்டுப் பாலத்தைச் சோதிக்கிற மாதிரி.
கம்பியின் இரு முனையையும் விடுவித்து
பழைய பின்விளக்கு பல்பு ஒன்றை
அதன் வழியே எரியவிட்டேன்.
அணையப்போகும் கங்காக ஒரு சிவப்பு.
அவ்வளவுதான்.

அவர் டார்ச் பிடிக்க
கம்பிக்கட்டைத் தடவிக்கொண்டே போனேன்.
ஏசி கம்ப்ரசர் தாங்கிக்குப் பின்னால்
கண்ணுக்கு எட்டாத இடத்தில்
உறை கொஞ்சம் குழைந்திருந்தது.
பிளந்தேன்.
எல்லா இழையும் தேய்ந்து அறுந்து
ஒன்றே ஒன்று
பிடித்துக்கொண்டிருந்தது.

"நொண்டுற கால் ஒண்ணு, வலிக்கிற இடம் வேற.
குதிரையும் இப்படித்தான்," என்றார்.
டார்ச் நடுங்கியது. குளிர், என்று நினைத்தேன்.

ஃபியூஸ் பார்க்கக் கதவைத் திறந்தபோது
பின்சீட்டில் மடித்த கம்பளி, தலையணை,
காபிக் குவளையில் நிற்கும் பல்துலக்கி.
நான் பார்த்ததை அவர் பார்த்தார்.

புதுக் கம்பி ஒன்பது அங்குலம்.
ஈயம் வைத்து, உறை சுருக்கி,
தாங்கியில் உரசாத பக்கமாகக் கட்டினேன்.
பல்பு வெள்ளையாக எரிந்தது.
மஞ்சள் விளக்கு அணைந்தது. கூலியை
சில்லறையோடு எண்ணி வைத்தார்.

"வீட்டுக்குத்தானே?"
"ஆமா, ஆமா."

அவர் வீடு ரயில் பாதைக்கு வடக்கே.
இண்டிகேட்டர் தெற்குப் பக்கம் சிமிட்டியது.
பூட்ஸ் வழுக்க ஓடிப்போய்
கையிலிருந்த பல்பாலேயே
கண்ணாடியைத் தட்டினேன்.