மூன்றாம் தண்ணீர்

வியாழன் விருந்து முடிந்து
மேசைத்துணி உருவுகிற நேரம்
வெட்டுப்பலகையில் எஞ்சிய பஸ்துர்மா முனையை
ஹகோப் என் பக்கம் தள்ளினார்.
"குப்பை" என்று பதிவேட்டில் எழுதிக்
கையெழுத்தும் போட்டார்.
அலெப்போக்காரர்.
பொய்க்கணக்கு எழுதும்போது மட்டும்
அவர் கையெழுத்து அத்தனை அழகு.

முந்நூறு கிராம் தேறும்.
வெந்தயமும் பூண்டும் காய்ந்து இறுகிய
செம்மண் பூச்சுக்குள்
கல்லாய்க் கிடந்தது மாட்டுக்கறி.
பேருந்தில் மடியில் வைத்திருந்தேன்.
மஹ்பூலா வருவதற்குள்
நாலு பேர் திரும்பிப் பார்த்து
ஒருவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

ரோடெல் சொல்லித்தந்த பக்குவம் இது.
அமெரிக்கப் பட்டாள முகாமில் ஆறு வருஷம்
விடியுமுன் நானூறு தட்டு நிரப்பியவன்.
சிப்பாய்கள் இதற்கு வைத்த பெயர்
வாயில் வைக்கத் தக்கதல்ல.
பண்டம் தக்கது.

பூச்சைச் சுரண்டினேன்.
வெளிச்சம் தெரிகிற மாதிரி அரிந்து
ஊறப் போட்டேன்.
முதல் தண்ணீர் கடல்.
இரண்டாம் தண்ணீர்
எங்கள் கட்டிடத்துக் குழாய்.
மூன்றாவதில்தான்
மாடு எட்டிப் பார்த்தது.

ஏழாம் மாடிப் பொது அடுப்படி.
அடுப்பு பன்னிரண்டு, எரிவது ஐந்து.
அதில் ஒன்று பிடித்து,
ஓட்டலில் பொறுக்கிய வெண்ணெய்ப் பொட்டலம்
பதினொன்றைப் பிரித்து உருக்கி,
மைதாவைத் தூவி,
நிடோ மாவு கரைத்த பாலை
ஒரு கையால் ஊற்ற
மறு கை கிண்டியபடியே இருந்தது.
கட்டி தட்டினால் களி,
தட்டாவிட்டால் குழம்பு.
மிளகைக் கை கூசாமல் போட்டேன்.

ரொட்டி சுட எங்களிடம் எதுவும் கிடையாது.
ஷேகு நெய்னா சலவைக்கடைக்காரன்.
துண்டுகளை அலுமினியத் தாளில் சுற்றி
இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினான்.
"காலருக்குக் கொடுக்கிற சூடு" என்றான்.
மொறுமொறுவென்று
மடிப்புக் கலையாமல் வந்தது.

மேல்கட்டில் தணிகாசலம்
மாட்டுக்கறி தொடமாட்டான்.
சாரம் கட்டும் கம்பெனியில்
மூன்று மாசமாகச் சம்பளமில்லை.
திங்கள் முதல் டீயும் குபூஸும்தான்.
கேட்டால் வயிறு சரியில்லை என்பான்.
கறியைப் போடுமுன்
வெள்ளைக் குழம்பில் பாதியைத்
தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்தேன்.
அவனும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

முதல் வாய் வைத்தான்.
மென்றான். நிறுத்தினான்.
"நல்லாத்தான் இருக்கு" என்றான்,
நல்லாயில்லாத குரலில்.

அப்போதுதான் உறைத்தது.
உப்பே போடவில்லை.
இந்தப் பண்டத்துக்கு உப்பென்றால் அந்தக் கறிதான்,
வேறே போடுவதில்லை.
உப்பு டப்பாவைத் தட்டினால்
ஓசைதான் விழுந்தது.
முழங்கையருகே இருந்தது
இரண்டாம் தண்ணீர்க் கிண்ணம்.
தெளிந்திருந்தது.
ஒரு கரண்டி விட்டால் போதும்,
நாக்குக்குத் தெரியாது.

பார்த்தேன்.
எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்.

பிறகு மூன்று தண்ணீரையும்
தொட்டியில் கவிழ்த்துவிட்டு இறங்கினேன்.
லிஃப்ட் வேலை செய்யவில்லை.
பக்காலாக்காரன் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தான்.
குனிந்து கை நீட்டி
நூறு ஃபில்சுக்கு ஒரு பொட்டலம்.
ஏழு மாடி ஏறி மூச்சிரைக்க நின்றபோது
தணிகாசலம் கிண்ணத்தைக்
கடைசி ரொட்டி ஓரத்தால் வழித்துக்கொண்டிருந்தான்.
"எங்கடா போன?"

பொட்டலத்தைக் காட்டினேன்.
அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
விரலை நக்கினான்.
ஷேகு நெய்னா என் பங்கை எடுத்து
இஸ்திரிப் பெட்டிமேல் வைத்திருந்தான்,
சூடு ஆறாமலிருக்க.

சனிக்கிழமை ஹகோப் கேட்டார்:
"குப்பை எப்படி?"
"கொஞ்சம் உப்புக் குறைச்சல்" என்றேன்.
கத்தியைத் தீட்டுவதை நிறுத்தி
வெகுநேரம் என்னையே பார்த்தார்.
அவர் கறியை அப்படிச் சொன்ன முதல் ஆள்
நானாகத்தான் இருப்பேன்.