லைன்ல இரு

புரசைவாக்கத்தில் ஒரு லேபில்
ரிப்போர்ட் டைப் அடிக்கிறேன்.
சர்க்கரை, உப்பு, கொழுப்பு, தைராய்டு.
ஒரு நாளைக்கு எழுபது எண்பது பேருக்கு
'நார்மல்' என்று எழுதுவது நான்தான்.
என் ரத்தத்தையும் ஒருமுறை எடுத்துப் பார்த்தார்கள்.
அதையும் நானே அடித்தேன்.
நார்மல்.

அதற்கு முந்தின வாரம்
டவுட்டன் சிக்னலில் நின்ற 29சி-க்குள்
செத்துக்கொண்டிருக்கிறேன் என்றே நினைத்தேன்.
கண்டக்டர் விசில் ஊதினார்.
நின்றிருந்த ஒரு அம்மா
தன் காய்கறிப் பையை என் மடியில் வைத்தார்.
சாகாமல் வீடு வந்ததை
யாரிடமும் சொல்ல முடியவில்லை.
சொல்ல என்ன நடந்தது?

பிறகு குளிக்காத நாட்கள்.
ஒன்பதுவரை எண்ணினேன்.
தலையணை உறையில் எண்ணெய் வட்டம்.
கேஸை மூடினேனா என்று
நான்கு முறை எழுந்துபோய்ப் பார்த்த இரவில்
ஐந்தாம் முறைதான் ஞாபகம் வந்தது,
அன்றைக்குச் சமைக்கவே இல்லை.

கல்யாணம் ஆனா சரியாயிடும் என்றார்கள்.
அக்கா மட்டும் ஒன்றும் சொல்லாமல்
மாத்திரைக் கவர்மேல் கிழமை எழுதிவைத்தாள்.
டாக்டர் சீட்டின் பின்பக்கம் ஒரு முகவரி:
"உங்களை மாதிரி இருக்கிறவங்க கூடுவாங்க."
'உங்களை மாதிரி' ஒரு வாரம்
செருப்புக்குள் கல்லாகக் கூடவே நடந்தது.

வில்லிவாக்கம் ஸ்டேஷன் பக்கம்
ஸ்கூட்டர் மெக்கானிக் கடைக்கு மேல்மாடி.
சனிக்கிழமை சாயங்காலம்.
நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒன்றுக்குக் கை இல்லை.
கீழே யாராவது ஆக்சிலேட்டர் முறுக்கினால்
மேலே பேசுகிறவர் நிறுத்திக் காத்திருந்து
விட்ட வார்த்தையிலிருந்து தொடர்வார்.

பால் பூத் கோதண்டபாணி சொன்னார்:
வண்டி நாலு மணிக்கு வந்துடும்,
ஷட்டரைத் தூக்கத்தான் கை வரல.
ஸ்டெபனா சொன்னாள்:
இந்த வாரம் ரெண்டு நாள் தலை சீவினேன்.
யாரும் கைதட்டவில்லை.
ஒருவர் மேரி பிஸ்கட்டை அவள் பக்கம் தள்ளினார்.

மூன்று சனிக்கிழமை நான் வாய் திறக்கவில்லை.
நான்காவதில் கேஸ் கதையைச் சொன்னேன்.
சமைக்கவே இல்லை என்ற இடத்தில்
குபீரென்று சிரித்துவிட்டாள் சுலைகா.
"எனக்கு இஸ்திரிப் பொட்டிம்மா.
ஆஃப் பண்ணேனா இல்லியான்னு பஸ்ல உக்காந்து அழறதுக்கு
ஒருநாள் பையிலயே தூக்கினு வந்துட்டேன்."
கண்ணீர் வரும்வரை சிரித்தோம்.
வந்தபிறகு சிலர் அப்படியே அழுதோம்.
போகும்போது நம்பர் எழுதிக் கொடுத்தாள்.
"எந்நேரம்னாலும்."
அப்படிச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

ஐப்பசியில் ஒரு ராத்திரி, மூன்றரை மணி.
மழை இல்லை. காரணமும் இல்லை.
விரல்கள் யாருடையவோ போல இருந்தன.
அந்த விரல்கள்தான் நம்பரை அழுத்தின.
இரண்டாவது ரிங்கில் எடுத்தாள்.
"தண்ணி வந்துகீது. நீ பேசணும்னு இல்ல.
லைன்ல இரு."

வியாசர்பாடியில் ஒரு அடிபம்பு
க்ரீச்சென்று எழும், டொக்கென்று இறங்கும்.
குடத்தின் அடியில் தண்ணீர் மத்தளம்.
இடுப்பில் முணுமுணுப்பு.
கழுத்துக்கு வரும்போது சன்னமாய் ஒரு விசில்.
குடம் மாறும். மறுபடி மத்தளம்.
யாரோ வரிசைச் சண்டைக்கு வந்தார்கள்.
"மெதுவாப் பேசுக்கா,
போன்ல ஆள் இருக்குது" என்றாள்.
ஆள் இருக்கிறது.
அது நான்.
நான்காவது குடமா ஐந்தாவதா, தெரியவில்லை,
என் மூச்சு பம்போடு இறங்கத் தொடங்கியிருந்தது.

சரியாகிவிட்டதா என்று கேட்காதீர்கள்.
நேற்றுகூட டவுட்டனில் இறங்கி நடந்தேன்.
பாதியாகக் குறைத்த மாத்திரையை
மறுபடி முழுசாக்கியிருக்கிறார் டாக்டர்.

கோதண்டபாணி இரண்டு சனிக்கிழமையாக வரவில்லை.
இன்று மதியம் கூப்பிட்டேன்.
எடுத்தார். பேசவில்லை.
லேபில் பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது,
யாருடைய உப்போ, யாருடைய கொழுப்போ
தாள்தாளாக விழுந்தபடி.
போனை அதன் பக்கத்தில் வைத்தேன்.
"இருங்கண்ணே," என்றேன்,
"இன்னும் நாப்பது ரிப்போர்ட் இருக்கு."